இடது காலின் சாட்சி

சைவ சித்தாந்த வகுப்பில் உயிரைப் பற்றிய பாடம் வந்துவிட்டால், எந்த ஆசிரியராக இருந்தாலும் ஒரு பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார். உடம்பு வண்டி, உயிர் டிரைவர். வண்டி ஓய்ந்துபோனால் டிரைவர் இறங்கி இன்னொரு வண்டியில் ஏறிக்கொள்கிறார், பிறவி என்பது அவ்வளவுதான். ஓய்வு பெற்ற பிறகு, திருவாவடுதுறை ஆதீனம் பல ஊர்களில் நடத்தும் வகுப்புகளில் ஒன்றில் நானும் சேர்ந்தேன். உடன் படிப்பவர்களில் வங்கியில் இருந்தவர்கள் உண்டு, பள்ளிக்கூட ஆசிரியைகள் உண்டு, பூக்கடை வைத்திருக்கும் ஓர் அம்மா உண்டு. பஸ் ஓட்டினவன் நான் ஒருவன்தான். ஆசிரியர் இந்த உதாரணத்தைச் சொன்னதும் எல்லோரும் தலையாட்டினார்கள். என் தலை ஆடவில்லை.

'அவ்வளவுதான்' என்றாரே, அங்கேதான் எனக்கு முள். ஒரு வண்டியை விட்டு இன்னொரு வண்டியில் ஏறுவது லேசான காரியம் என்று பஸ்ஸில் டிக்கெட் வாங்கிப் போனவர்கள் சொல்லலாம்.

நான் போளூர்ப் பக்கத்து ஆள். லாரியில் கிளீனராக ஏறி, ஸ்டியரிங் பிடிக்கப் பழகி, பிறகு சென்னைக்கு வந்து அரசு பஸ்ஸில் சேர்ந்தேன். சேர்ந்தபோது அது பல்லவன் போக்குவரத்துக் கழகம். 1994இல் பல்லவனை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு டாக்டர் அம்பேத்கர் பெயரை வைத்தார்கள். என் டிப்போ அந்தப் பாதியில் போனது. 1997இல், விருதுநகர்ப் பக்கம் ஒரு கழகத்துக்கு வைத்த பெயரை ஒட்டி எழுந்த கலவரத்துக்குப் பிறகு, மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் இருந்த தலைவர்கள் பெயரையெல்லாம் அரசு ஒரேயடியாக எடுத்துவிட்டது. 2001இல் பிரித்த பாதிகளைச் சேர்த்து மாநகர் போக்குவரத்துக் கழகம் என்று மறுபடி ஒன்றாக்கினார்கள். சீட்டை விட்டு எழுந்திருக்காமலேயே பல கம்பெனியில் வேலை பார்த்தவன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். இந்தப் பெயர் மாற்றங்களால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. வண்டி மாறும்போதுதான் ஆகும்.

நான் முதலில் ஓட்டியது எஞ்சின் முன்பக்கம் இருந்த பழைய லேலண்ட். டிரைவருக்கு இடது கைப்பக்கம் ஒரு மூடிக்குள் எஞ்சின். சித்திரை வெயிலில் அந்த மூடி இடது தொடையை அவித்துவிடும். பவர் ஸ்டியரிங் கிடையாது. நின்ற இடத்தில் சக்கரத்தை ஒடிக்க வேண்டுமென்றால் கை மட்டும் போதாது, ஆளே சாய வேண்டும். ஆனால் அந்த வண்டி பேசும். கியரை எப்போது மாற்றுவது என்பதைக் காதுதான் சொல்லும். சத்தம் கனத்துத் திணறினால் இறக்கு, மெலிந்து கூவினால் ஏற்று. கிளட்ச்சை மிதி, நியூட்ரலுக்குக் கொண்டுவா, காலை விடு, மறுபடி மிதி, கியரைப் போடு. எனக்குச் சொல்லிக்கொடுத்த மூத்த டிரைவர் இதை மந்திரம் சொல்வதுபோல் முணுமுணுத்துக்கொண்டே செய்வார். மாலை நெரிசலில் பாரிமுனையில் கிளம்பி தாம்பரம் போய்ச் சேர்வதற்குள் இடது கால் எத்தனை தடவை மிதித்திருக்கும் என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. கால் மட்டும் எண்ணிவைத்துக்கொள்ளும் போலிருக்கிறது.

ஓட்டிப் பழகினால் ஒன்று நடக்கும். இடது பக்கக் கண்ணாடியைப் பார்க்காமலே அந்தப் பக்கம் எவ்வளவு இடம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஆட்டோ ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தால் விலா கூசும். பின்சக்கரம் பள்ளத்தில் இறங்குவது முதுகுத்தண்டின் கடைசி எலும்பில் தெரியும். டிப்போ கேன்டீனில் டிரைவர்கள் பேசுவதைக் கேட்டால் புரியும். "சைதாப்பேட்டைல தண்ணி லாரிக்காரன் என்னை இடிச்சுட்டாம்பா" என்பார். இடி வாங்கியது பின் பம்பர். "நான் கிண்டில பஞ்சராகி நிக்கிறேன், கன்ட்ரோல்ல சொல்லுங்க" என்று போன் வரும். கேட்டுக்கொண்டிருக்கும் எங்களில் யாருக்கும் சிரிப்பு வராது. சரியாகத்தான் சொல்கிறார் என்றுதான் தோன்றும்.

ஆகவே, கேபினில் முதலாளிபோல் உட்கார்ந்து 'இது வண்டி, நான் வேறு' என்று தெளிவாக இருக்கிற டிரைவரை நான் பார்த்ததில்லை. அப்படி ஒருவர் இருந்தால் அவர் ஓட்டுகிற வண்டியில் நான் ஏற மாட்டேன். உதாரணத்தில் இன்னொரு ஓட்டையும் உண்டு. எந்த வண்டி என்று டிரைவர் தேர்ந்தெடுப்பதில்லை. ஸ்பேர் டூட்டிக்காரன் காலையில் போய் டூட்டிப் பட்டியலைப் பார்த்தால்தான் அன்றைக்கு எந்த ரூட், எந்த வண்டி, எந்த கண்டக்டர் என்று தெரியும். இது பரவாயில்லை, வினைக்கு ஏற்ற உடம்பை இறைவன் கூட்டுகிறான் என்ற பாடத்தோடு ஒத்துப்போகிறது. ஒத்துப்போகாதது மூன்றாவது ஓட்டை. டிரைவர் வண்டியை விட்டு இறங்கினால் டீ குடிப்பார், பேப்பர் பார்ப்பார், வீட்டுக்குப் போன் பேசுவார். உயிர் இறங்கினால்? சித்தாந்தம் சொல்கிற கேவல நிலையில், உடம்பும் கருவிகளும் கூடாத உயிருக்கு அறிவும் இல்லை, விருப்பமும் இல்லை, செயலும் இல்லை. ஆணவ இருட்டில் கிடக்கிறது. வண்டியில் ஏறிய பிறகுதான் அதற்குக் கண்ணே தெரிய ஆரம்பிக்கிறது. அப்படிப்பட்ட ஒரு டிரைவரை எந்த டிப்போவில் வேலைக்கு எடுப்பார்கள்?

இதை வகுப்பில் கேட்டேன். ஆசிரியர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர், கோபப்படாதவர். "உதாரணம் முழுக்கப் பொருந்தினா அது உதாரணம் இல்லீங்க, அதே பொருள்" என்றார். பிறகு அவரே ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் செய்த சிவஞானபோதம் மொத்தமே 12 நூற்பா, 40 வரி. அதற்கு விரிவு சொல்ல வந்தவர்கள் உயிருக்கு ஒரு இலக்கணம் வகுத்திருக்கிறார்கள்: சார்ந்ததன் வண்ணமாதல். உயிருக்கென்று தனித்து நிற்கிற குணம் கிடையாது, எதைச் சார்கிறதோ அதுவாகவே நிற்கும். ஆணவம் முதலான மலத்தைச் சார்ந்தால் மலமாக, உடம்பைச் சார்ந்தால் உடம்பாக, சிவத்தைச் சார்ந்தால் சிவமாக. ஆனாலும் சார்ந்த பொருளோடு கரைந்து காணாமல் போய்விடுவதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் இதே நினைப்பு. எங்கள் வேலையை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன வாக்கியம் டிரைவிங் ஸ்கூல் புத்தகத்தில்கூட இல்லை.

மாடி பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உட்கார்ந்தால் தலைக்கு மேல் இன்னொரு தலை முளைத்துவிடும். மரக்கிளை, தாழத் தொங்கும் ஒயர், பாலத்தின் அடிப்பக்கம் என்று அதுவரை இல்லாத ஓர் உலகம் கண்ணில் படும். வெஸ்டிபுல் பஸ், அதாவது நடுவில் துருத்தி வைத்து இரண்டு வண்டியை இணைத்தது, ஆளை வேறு மாதிரி ஆக்கும். பின்வண்டி முன்வண்டியின் தடத்தில் வராது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். அகலம் எடுத்துத் திருப்பாவிட்டால் முனையில் இருக்கிற டீக்கடை பெஞ்சு போச்சு. வெஸ்டிபுல் ஓட்டின காலத்தில் நான் மார்க்கெட்டில் நடக்கும்போதுகூட முனையில் அகலம் எடுத்துத்தான் திரும்பினேன் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்வாள். 2013இல் சிற்றுந்து வந்தது. பெரிய வண்டி நுழையாத உள்தெருக்களுக்கான சின்ன வண்டி. பெரிய வண்டிக்காரனை அதில் ஏற்றினால் எல்லாச் சந்திலும் ஒரு முழம் அதிகமாக இடம் விடுவான், பின்னால் வருகிறவன் அந்த இடத்தில் பைக்கை நுழைப்பான்.

தாழ்தளப் பேருந்துதான் பெரிய தாவல். எஞ்சின் பின்னால் போய்விட்டது. முன்சக்கரமும் டிரைவருக்குப் பின்னால். திருப்பத்தில் நாம் ரோட்டைத் தாண்டி வெளியே மிதந்து போகிற மாதிரி இருக்கும், அப்படி மிதந்த பிறகுதான் ஒடிக்க வேண்டும். பழைய வண்டி நினைப்பில் முன்கூட்டியே ஒடித்தால் பின்சக்கரம் நடைபாதையில் ஏறும். எல்லாவற்றையும்விட, காதுக்கு வேலை போய்விட்டது. வண்டி பேசவில்லை. பேசாத வண்டியை எப்படி ஓட்டுவது என்று பல மூத்தவர்கள் உண்மையாகவே கலங்கினார்கள். 2024இல் ஜெர்மன் வங்கிக் கடனுதவியில் வாங்கிய புதிய தாழ்தள வண்டிகள் வந்தன. சக்கர நாற்காலி ஏறுவதற்காக நிறுத்தத்தில் ஒரு பக்கமாகத் தணிந்து கொடுக்கும் வண்டி. மாற்றுத்திறனாளிகள் உயர் நீதிமன்றம் வரை போய் வாதாடிய பிறகு வந்தது. அதில் கிளட்ச் இல்லை. தானாகக் கியர் மாறும்.

இங்கேதான் இடது கால் வருகிறது.

கிளட்ச் இல்லாத வண்டியில் பழைய டிரைவர் யாரை ஏற்றினாலும் ஒரே கதைதான். நிறுத்தம் வருகிறது, வேகம் குறைகிறது, இடது கால் எழுந்து கிளட்ச்சைத் தேடிப் போகும். அங்கே கிளட்ச் இல்லை. வெறும் தரையில் மிதித்தால் பிழைத்தோம். கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி மிதித்தால் அகலமான பிரேக் பெடல் கிடைக்கும். கிளட்ச்சை மிதிக்கிற அழுத்தத்தில் பிரேக்கை மிதித்தால் என்ன ஆகும் என்பது நின்றுகொண்டிருந்த பயணிகளுக்குத் தெரியும். பயிற்சி கொடுக்க வந்தவர் முதல் பாடமாகச் சொல்வது, "அண்ணே, இடது காலைப் பின்னாடி மடக்கி சீட்டுக்கு அடியில வெச்சுடுங்க." மூளைக்குக் கிளட்ச் இல்லை என்று தெரியும். கண்ணுக்குத் தெரியும். காலுக்குத் தெரியாது.

இதற்கும் சித்தாந்தத்தில் இடம் இருக்கிறது. வாசனாமலம் என்பார்கள். பெருங்காயத்தை எடுத்துவிட்ட பிறகும் பாத்திரத்தில் வாடை நிற்கிறதே, அதுபோல மலம் நீங்கிய ஞானியிடத்திலும் பழைய பழக்கத்தின் வாடை நிற்கும். அதைப் போக்கத்தான் ஒன்பதாம் நூற்பாவில் அஞ்செழுத்தை ஓதச் சொல்கிறார்கள். பாடத்தில் இது குறையாகச் சொல்லப்படுகிறது. எனக்கு அது குறையாகப் படவில்லை, சாட்சியாகப் பட்டது. லேலண்டில் இருந்தவனும் தாழ்தள வண்டியில் இருப்பவனும் ஒரே ஆள்தான் என்பதற்கு என்ன ருசு? என் திறமை ருசு ஆகாது. அது வண்டிக்கு வண்டி மாறிவிட்டது, சார்ந்ததன் வண்ணமாகிவிட்டது. என் காது கேட்ட பேச்சும் போயிற்று. ஒரு வண்டியில் இருந்து இன்னொரு வண்டிக்கு உண்மையில் என்னோடு ஏறி வந்தது அந்தத் தப்பான மிதி ஒன்றுதான்.

இந்த இடத்தில் பௌத்தர் ஒருவரைக் கூப்பிட்டாக வேண்டும், கூப்பிடாவிட்டால் வழக்கு ஒருதலையாகிவிடும். மிலிந்தன் என்ற கிரேக்க அரசன் நாகசேனர் என்ற பிக்குவிடம் வாதம் செய்த கதை பாலி மொழியில் இருக்கிறது. அரசன் தேரில் வந்ததாகச் சொல்கிறான். அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று பிக்கு ஒவ்வொன்றாகக் கேட்கிறார். எதுவும் இல்லை. எல்லாம் சேர்ந்த இடத்துக்குத் தேர் என்று பெயர், நாகசேனன் என்பதும் அப்படியொரு பெயர், உள்ளே ஆள் கிடையாது.

எனக்கு இது 21ஜியை நினைவுபடுத்தியது. பாரிமுனையில் கிளம்பி மயிலாப்பூர், அடையாறு, கிண்டி வழியாகத் தாம்பரம் போகும் என்றுதான் எனக்கு அது அறிமுகம். அதில் ஓடிய பழைய வண்டிகள் எல்லாம் இரும்புக் கடைக்குப் போய்விட்டன. ஓட்டிய டிரைவர்கள் பலர் ஓய்வு பெற்றார்கள், சிலர் காலமானார்கள். 2002இல் வெளியூர் வண்டிகள் கோயம்பேட்டுக்குப் போனதும் பாரிமுனை பிராட்வே நிலையத்தின் முகம் மாறியது. தெற்கே தாம்பரத்தோடு நின்ற ஊர் அதைத் தாண்டி வளர்ந்தது, 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் முனையம் திறந்ததும் அந்தப் பக்கத்து ரூட்டுகளின் கணக்கே வேறாகிவிட்டது. நடுவில் மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் மாதவரம்–சிப்காட் தடத்துக்காக மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு எல்லா இடத்திலும் தோண்டியதில் ஒருவழி, மாற்றுவழி, தற்காலிக நிறுத்தம். அப்படியானால் எது 21ஜி? வண்டியா, வழியா, தொடக்கமா, முடிவா? நாகசேனர் நம் பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

ஆனால் பயணிகள் சந்தோஷப்பட மாட்டார்கள். நிறுத்தத்தை இருநூறு அடி தள்ளி மாற்றி, பலகையும் வைத்தாயிற்று. அப்படியும் பழைய இடத்திலேயே ஒரு கூட்டம் நிற்கும். கை காட்டும். நிற்காமல் போனால் திட்டும். கூடை வைத்திருக்கும் அம்மாள் ஒருவர் தினமும் அந்தப் பழைய இடத்துக்குப் போய் நின்று, வண்டி தூரத்தில் தெரிந்ததும் புதிய இடத்துக்கு ஓடி வருவார். அவருக்குப் புதிய நிறுத்தம் தெரியாமல் இல்லை. "பழகிடுச்சுப்பா" என்பார். ஜெமினி ஸ்டுடியோ போய் எத்தனையோ காலமாகியும் கண்டக்டர் "ஜெமினி, ஜெமினி" என்றுதானே கூவுகிறார். ரூட் என்பது டிப்போவில் இருக்கும் காகிதத்தில் இல்லை, இந்தக் கால்களில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

பௌத்தருக்குச் சித்தாந்திகள் சொன்ன பதில் அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியாரில், பிற மதங்களை மறுக்கும் பரபக்கத்தில் இருக்கிறது. கணத்துக்குக் கணம் அறிவு அழிந்து புதிது பிறக்கிறது என்றால், நேற்றுக் கண்டதை இன்று நினைப்பவர் யார்? நான் நினைவுக்குப் பதிலாக இடது காலை வைப்பேன். கிளட்ச்சே பார்க்காமல் பழகிய பையனுக்கு அந்த மிதி வராது. மிதி வருகிறவன் முன்பு மிதித்தவனாகத்தான் இருக்க வேண்டும்.

சொல்லிவிட்டு யோசித்தால், பௌத்தர் இதற்கு அசரமாட்டார் என்றும் தெரிகிறது. ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றினால் சுடர்தானே போகிறது, உள்ளே ஏதாவது ஆள் எழுந்து போகிறானா என்பார். பழக்கம் தன்பாட்டுக்குத் தொடர்கிறது, அதற்கு ஒரு சொந்தக்காரனைத் தேடுவது உன் ஆசை என்பார். இந்தப் பதிலை அலட்சியமாகத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. கால் எழுந்த கணத்தை மட்டும் பார்த்தால் அவர் சொல்வதுதான் சரி. அந்தக் கணத்தில் யாரும் இல்லை, கால்தான் இருந்தது.

அடுத்த கணம்தான் என்னைச் சித்தாந்தத்தின் பக்கம் தள்ளுகிறது. கால் எழுந்துவிட்டது என்று பிடிபடுகிறதே, அது. மிதிக்கப் போன கால் பாதியில் நிற்கும். நிறுத்தியது புது வண்டி இல்லை, அதற்குக் கிளட்ச் என்றால் என்னவென்றே தெரியாது. நிறுத்தியது பழைய பழக்கமும் இல்லை, அது மிதிக்கத்தான் போனது. இரண்டு வண்டியும் தெரிந்த, இரண்டில் எதுவாகவும் இல்லாத ஒன்று அங்கே வேலை செய்கிறது. சார்ந்ததன் வண்ணமானாலும் கரைந்து போய்விடாது என்றார்களே, அந்த வாக்கியத்தின் இரண்டாம் பாதி எனக்கு விளங்கியது இந்தக் கால் நின்ற இடத்தில்தான். இதைப் பெரிய அனுபவம் என்று சொல்ல வரவில்லை. அரை நொடிச் சமாச்சாரம். பின்னால் நிற்கிற பயணிகளுக்குத் தெரியவே தெரியாது.

மயிலாப்பூர் பங்குனித் திருவிழாவில் டூட்டி பார்த்தவர்களுக்கு இன்னொரு பாடம் இலவசமாகக் கிடைக்கும். மூன்றாம் நாள் கபாலீசுவரர் அதிகார நந்தியில் வருவார், ஐந்தாம் நாள் ரிஷபத்தில், ஏழாம் நாள் தேரில். எட்டாம் நாள் அறுபத்துமூவர். மாட வீதிகளை ஒட்டிப் போகும் வண்டிகளைப் போலீஸ் சுற்றிவிடும். ஒருமுறை அலுவலகம் போகிற ஒரு பெண், "சாமி வர்றாருன்னா பஸ் எதுக்கு சுத்திப் போகணும்?" என்று சலித்துக்கொண்டார். என் கண்டக்டர், "அவரும் வண்டியிலதாம்மா வர்றாரு, அவருக்கும் ரோடு வேணும்ல" என்றார். வண்டியே சிரித்தது.

மாற்றுவழியில் சிக்னலுக்காக நிற்கும்போது சந்தின் ஊடே ஊர்வலம் தெரியும். அப்போது நான் பார்ப்பது வாகனத்தைச் சுமக்கிற ஸ்ரீபாதம் தாங்கிகளை. வாகனம் மாறினால் அவர்கள் நடை மாறுகிறது. ரிஷபத்துக்கு ஒரு நடை, இலேசான பல்லக்குக்கு ஒரு நடை, தோளில் தண்டு உட்காரும் இடமே வேறு. மேலே இருப்பவருக்கு நடை இல்லை. நந்தியில் வந்தாலும் தேரில் வந்தாலும் அவர் அவரேதான். சித்தாந்தம் இறைவனுக்கும் உயிருக்கும் நடுவில் கிழிக்கிற கோடு இதுதான். அவன் எல்லாவற்றிலும் கலந்து நின்று எதிலும் தோயாதவன். நாமோ தொட்டதிலெல்லாம் தோய்கிறவர்கள். உதாரணத்தில் வருகிற டிரைவர், 'வண்டி வேறு நான் வேறு' என்று சுத்தமாக உட்கார்ந்திருப்பவர், உயிரைப் போல இல்லை, சாமியைப் போலத்தான் இருக்கிறார். உயிருக்கு உதாரணம் வேண்டுமென்றால் ஸ்ரீபாதம் தாங்கியைச் சொல்லலாம்.

தோய்வது ஒருபக்கமாக மட்டும் நடப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வண்டியும் டிரைவரில் தோய்கிறது. கிளட்ச் பெடல் மேலேயே காலை வைத்துக்கொண்டு ஓட்டும் பழக்கம் சிலருக்கு உண்டு. அவர்கள் ஓட்டிய வண்டியை மறுநாள் எடுத்தால், சீட்டில் உட்கார்ந்து ஒரு தடவை மிதித்ததுமே தெரிந்துவிடும், பிளேட் தேய்ந்திருக்கும். பிரேக்கை விட்டுவிட்டு அமுக்குகிறவர் யார், கியர் ராடின் தலையைப் பிடித்துக்கொண்டே வருகிறவர் யார் என்று வண்டியே காட்டிக்கொடுக்கும். முந்தின டிரைவர் லாக் ஷீட்டில் எழுதிவைத்த குறையும் நம்மோடு வரும், எழுதாமல் விட்ட குறையும் வரும். கையெழுத்துப் போட்டு எடுத்துவிட்டால் அன்றைக்கு அது என் வண்டி, நடப்பதற்கு நான் பொறுப்பு. அவர் தேய்த்த பிளேட்டுக்கு நான் ஏன் பொறுப்பு என்று கேட்டுப் பயனில்லை, மேட்டில் வண்டி திணறும்போது திணறுவது நான்தான். 'எல்லாம் அவன் செயல்' என்று கண்ணாடிக்கு மேலே ஸ்டிக்கர் ஒட்டியிருக்கலாம், பக்கத்தில் வேளாங்கண்ணி மாதாவும் பிறையும் முருகனும் இருக்கலாம். ஆள் மேல் மோதிவிட்டு அந்த ஸ்டிக்கரைக் காட்ட முடியாது. காட்டவும் கூடாது. வண்டிக்கு வண்டி நான் வேறு ஆள் என்று சொல்லிவிட்டால் யாரிடம்தான் கேட்பது?

அதனால்தான் வாசனையை ஒழிக்க வேண்டும் என்ற பாடம் வந்தபோது எனக்குப் பிடிக்கவில்லை. அந்த வாடையும் போய்விட்டால் பல வண்டியில் ஏறி இறங்கிய ஒருவன் இருந்தான் என்பதற்கு என்ன மிச்சம் என்று கேட்டேன். ஆசிரியர் யோசித்துச் சொன்னார்: "காலை வெட்டிப் போடச் சொல்லலீங்க. எந்த வண்டியில இருக்கோம்னு காலுக்கும் தெரியணும்னுதான் சொல்றாங்க." எனக்குப் பாதி சமாதானம். ஏனென்றால் இப்போது நான் எந்த வண்டியிலும் இல்லை. ஓய்வு பெற்றவன். போன மாதம் மின்சார பஸ்ஸில் ஏறினேன், 2025 ஜூன் கடைசியில் வியாசர்பாடியில் தொடங்கினார்களே, அந்த வகை. ஓட்டிய பையன் ஒப்பந்தக் கம்பெனி ஆள், என் பேரன் வயசு. ஆக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுத்தாலே வண்டி தானாக இழுத்துப் பிடித்து நிற்கிறது. அவன் இடது கால் அதுபாட்டுக்கு அசையாமல் கிடந்தது. எனக்குப் பொறாமை இல்லை, ஆனால் ஒவ்வொரு சிக்னலிலும் பயணி சீட்டில் உட்கார்ந்திருந்த என் இரண்டு காலும் தரையை மிதித்துக்கொண்டே வந்தன. பக்கத்தில் இருந்தவர், "பெரியவரே, பயப்படாதீங்க, நல்லாத்தான் ஓட்டுறான்" என்றார்.

இதை ஆசிரியரிடம் சொன்னேன். வண்டியும் இல்லை, டூட்டியும் இல்லை, கால் மட்டும் ஓட்டிக்கொண்டிருக்கிறது, இந்த நிலைக்குச் சித்தாந்தத்தில் என்ன பெயர் என்று கேட்டேன். கேவலம் என்று சொல்ல முடியாது, மலம் நீங்கிய சுத்தம் என்றும் சொல்ல முடியாது. அவர் சிரித்துவிட்டு, பத்தாம் நூற்பா நடத்தும்போது இதை எடுத்துக்கொள்ளலாம் என்றார். "ஆனா இனிமே பஸ் உதாரணம் சொல்ல மாட்டேன், உங்ககிட்ட மாட்டிக்கிட்டேன். மெட்ரோ ரயிலை வெச்சுச் சொல்லிடறேன்."

"இரண்டாம் கட்டத்துல வர்ற மெட்ரோவுல டிரைவரே கிடையாதுங்களே ஐயா."

அவர் புத்தகத்தை மூடி ரப்பர் பேண்டைப் போட்டார். "அப்படீன்னா அதைப் பௌத்தர்களுக்கு விட்டுடுவோம்" என்றார்.